பழனிக்கே போகாத முருகனடியார்: பிரப்பன்வலசையில் 35 நாள்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

தைப்பூசம், பங்குனி உத்திரம் நெருங்கினாலே நம்ம குரூப்ல ஒரே கேள்விதான் ஓடும். இந்த வருஷம் பழனிக்கு யார் யார் போறீங்க, எத்தனாவது வருஷம், எங்கிருந்து நடக்கிறீங்க? போக முடியாதவங்க ஒரு அழுகை எமோஜி போட்டுட்டு அமைதியாயிடுவாங்க. அப்படி அமைதியானவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முருகனுக்காகவே பிறந்து, முருகனை மட்டுமே பாடி, 6666 பாடல்கள் எழுதிய ஒரு மகான் வாழ்நாள் முழுக்கப் பழனிக்குப் போகவே இல்லை. வசதி இல்லாமல் இல்லை, உடம்புக்கு முடியாமலும் இல்லை. வரக்கூடாதுன்னு முருகனே தடுத்துட்டார். அந்தத் தடைக்குப் பிறகு அவர் போய் உட்கார்ந்த இடம் ஒரு சின்னக் கிராமத்தின் மயானம். அந்த மகான்தான் பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகள். அந்தக் கிராமம் பிரப்பன்வலசை. சண்முக கவசம் தினமும் படிக்கிற பலருக்கு, அதை எழுதினவர் வாழ்க்கை முழுசாத் தெரியாது. நான் படிச்சதையும், பெரியவங்க சொல்லிக் கேட்டதையும் இங்க சொல்றேன்.

தென்னந்தோப்பில் தொடங்கியது

சுமார் 1850-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். அப்பா சாத்தப்ப பிள்ளை, அம்மா செங்கமலம் அம்மாள். குழந்தைக்கு வைத்த பெயர் அப்பாவு. வளர்ந்து வாழ்ந்தது பாம்பனில். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு அது. ரயில் போறதுக்கான பழைய கடல்பாலமே 1914-ல்தான் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி அந்தத் தீவை விட்டு வெளியே வரணும்னா படகுதான்.

சின்ன வயசிலேயே கந்தர் சஷ்டி கவசம் கையில் கிடைச்சுது. அதை மனப்பாடம் செய்து திரும்பத் திரும்பப் பாராயணம் பண்ணினார். அருணகிரிநாதர் மேல அவருக்கு இருந்த பக்தி சாதாரணமானது இல்லை. அவரையே தன் ஞானகுருவா மனசுக்குள்ள வரிச்சுக்கிட்டார். 13 வயசு இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, சூரியன் உதிக்கிற நேரம், தென்னந்தோப்பில் இருந்த அந்தப் பையனுக்கு முருகனைப் பாடணும்னு ஒரு வேகம் வந்தது. ஓலையில் எழுத ஆரம்பிச்சார். தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பாடல்னு வைத்துக்கொண்டு நூறு பாடல் முடிச்சார். ஒவ்வொரு பாட்டிலும் அருணகிரிநாதர் பெயர் வரும்படி பாடினார்.

இந்தப் பாடல்களைப் பார்த்து வியந்தவர் ராமேஸ்வரத்தில் இருந்த சேதுமாதவ ஐயர். அவர்தான் ஒரு விஜயதசமி நாளில் சடக்ஷர மந்திர உபதேசம் செய்தார். வடமொழி படிக்கவும் தூண்டினார். நம்ம சுவாமிகள் தமிழிலும் வடமொழியிலும் ஆழமா இறங்கினதுக்குப் பின்னால இந்த ஆசான் இருக்கார்.

குடும்பஸ்தர்

சுவாமிகள் பிறவியிலேயே துறவி இல்லை, இதை நல்லா மனசுல வச்சுக்குங்க. 1878-ல் காளிமுத்தம்மாள் என்பவரோடு கல்யாணம் நடந்தது. மூன்று குழந்தைகள். அப்பா காலமான பிறகு வீட்டுப் பொறுப்பும் அவர் தோளில்தான்.

அந்தக் காலத்தில் நடந்ததா ஒரு சம்பவம் சொல்வாங்க. ஒரு ராத்திரி பெண் குழந்தை நிறுத்தாம அழுதுகிட்டே இருந்துச்சு. கொஞ்சம் திருநீறு பூசி விடுங்கன்னு அம்மா கேட்டிருக்காங்க. தனக்காக, தன் குடும்பத்துக்காக முருகன்கிட்ட எதையும் கேட்கிறதில்லைன்னு இருந்த சுவாமிகள், நீயே முருகனிடம் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார். அந்தத் தாய் என்ன பாடு பட்டிருப்பாங்க! கொஞ்ச நேரத்தில் காவி உடுத்திய ஒருவர் வந்து, குழந்தையை வாங்கித் திருநீறு பூசிக் கொடுத்துட்டுப் போனார். குழந்தை தூங்கிடுச்சு.

இந்தக் கதையை எல்லாரும் சுவாமிகளின் வைராக்கியத்துக்காகச் சொல்வாங்க. எனக்கு என்னவோ அந்த அம்மாதான் கண்ணு முன்னால நிக்கிறாங்க. முருகன் வந்தது அவங்க கூப்பிட்டதுக்குத்தானே? காளிமுத்தம்மாள் பெயரில் யாரும் ஸ்டேட்டஸ் போடறதில்லை. இனிமே சுவாமிகளை நினைக்கும்போது அவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

1891-ல் சண்முக கவசம் பாடினார். மொத்தம் 30 பாடல். அ முதல் ஔ வரை 12 உயிரெழுத்துக்கு 12 பாடல், க முதல் ன வரை 18 மெய்யெழுத்து வரிசைக்கு 18 பாடல். தமிழ் அகர வரிசை மொத்தத்தையும் ஒரு கவசமா மாத்தி நம்ம கையில கொடுத்துட்டார்.

ஒரே ஒரு பொய்

இப்ப சொல்லப் போறதுதான் இந்த வாழ்க்கையின் திருப்பம்.

சுவாமிகளுக்குத் துறவு வாங்கணும், பழனிக்குப் போகணும்னு ஆசை முற்றிவிட்டது. அவருடைய நண்பர் அங்கமுத்துப் பிள்ளையிடம் நாளைக்கே பழனிக்குப் புறப்படப் போவதாகச் சொன்னார். நண்பர் விவரமானவர். இது முருகன் கட்டளையா என்று கேட்டார். கட்டளை எதுவும் வரவில்லை. ஆனாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டார் சுவாமிகள்.

அவ்வளவுதான். அதே நாளில் முருகன் கோபமான தோற்றத்தில் எதிரே வந்தார். நான் எப்போது உனக்குக் கட்டளை இட்டேன் என்று கண்டித்தார். தன் உத்தரவு வரும்வரை பழனிக்கு வரமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கச் சொன்னார். சுவாமிகள் நடுங்கிப்போய் வாக்குக் கொடுத்தார். முருகன் மறைந்துவிட்டார்.

அந்த உத்தரவு அதன் பிறகு வரவே இல்லை. 1929-ல் சமாதி அடையும் வரை, 35 வருஷத்துக்கும் மேல, அந்த வாக்கை அவர் மீறவில்லை. ஊர் ஊராக யாத்திரை போனார், காசி வரைக்கும் போனார். பழனி மட்டும் இல்லை.

இதைப் படிச்சப்ப எனக்கு முதலில் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பழனிக்கு வரணும்னு ஆசைப்பட்டு சொன்ன ஒரு சின்னப் பொய்க்கு இவ்வளவு பெரிய தண்டனையா? யோசிச்சுப் பார்த்தா, அந்தப் பொய்யில் வந்தது முருகன் பெயர். தன் ஆசைக்கு முருகன் கையெழுத்தைத் தானே போட்டுக்கிட்ட மாதிரி. முருகன் என்னைக் கூப்பிட்டார், முருகன் சொன்னார், முருகன் உத்தரவுன்னு நாம எவ்வளவு சுலபமா எழுதிடறோம்! சுவாமிகள் மாதிரி ஒருத்தருக்கே அந்தச் சலுகை கிடையாதுன்னா, அந்த வார்த்தையின் எடை என்னன்னு புரியுது.

இன்னொண்ணும் கவனிங்க. அந்தக் காட்சியை வேறு யாரும் பார்க்கவில்லை. சுவாமிகள் மறைச்சிருந்தா இன்னிக்கு நமக்கு இந்தக் கதையே தெரியாது. தான் சொன்ன பொய்யைத் தானே உலகத்துக்குச் சொன்னார். அதுவும் தவம்தான்.

பிரப்பன்வலசை

பழனிக் கதவு மூடின பிறகு அவர் என்ன செய்தார்? சோர்ந்து போகலை. அதுக்கு ஈடா இன்னொரு பெரிய கோவிலையும் தேடிப் போகலை. முருகனை நேரில் பார்த்தே ஆகணும்னு முடிவெடுத்து, 1894-ல் பாம்பன் தீவைத் தாண்டி, கரையில் இருக்கிற பிரப்பன்வலசைக்கு வந்தார். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில், உச்சிப்புளிப் பக்கம் இருக்கிற கடலோரக் கிராமம். பனைமரமும் மணலும் உப்புக்காத்தும்தான். ராஜகோபுரம் இல்லை, தல புராணம் இல்லை, தேர் இல்லை.

அந்த ஊர் மயானத்தில் சதுரமா ஒரு குழி வெட்டச் சொன்னார். மேலே கொட்டகை, சுற்றி முள்வேலி. உள்ளே இறங்கி உட்கார்ந்தார். முருகன் வந்து உபதேசம் செய்யும்வரை எழுந்திருப்பதில்லைன்னு சங்கல்பம். பங்குனி, சித்திரை மாசத்து ராமநாதபுரம் வெயில் எப்படி இருக்கும்னு அந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரியில் பேய்களும் பூதங்களும் வந்து பயமுறுத்தினதா வரலாறு சொல்லுது. அவர் பாடிய சண்முக கவசமே அவருக்குக் காவலா நின்னுச்சு.

ஏழாம் நாள் இரவு, இரண்டு முனிவர்கள் உடன் வர, முருகன் வந்தார். ஒரே ஒரு சொல்லை உபதேசித்துவிட்டு மறைந்தார். அந்தச் சொல் என்னன்னு சுவாமிகள் வெளியிடலை.

சாதாரண ஆளா இருந்தா வந்த வேலை முடிஞ்சதுன்னு எழுந்து வந்திருப்போம். அவர் எழுந்திருக்கலை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் நாலு வாரம் அதே குழியில் இருந்தார். 35-ஆம் நாள் எழுந்து வரச்சொல்லி ஒரு குரல் கேட்டது. அப்பவும் உடனே எழலை. இது முருகன் கட்டளையானால் மட்டுமே எழுவேன் என்று பதில் சொன்னார். முருகன் கட்டளைதான் என்று குரல் உறுதி செய்த பிறகே வெளியே வந்தார். அன்று சித்திரைப் பௌர்ணமி.

இங்கதான் எனக்கு மெய் சிலிர்க்கும். அன்னிக்கு நண்பர் கேட்ட கேள்வி, இது முருகன் கட்டளையா என்பது. அப்ப இல்லாத கட்டளையை இருக்குன்னு சொன்னவர், இப்ப வந்த கட்டளையைக்கூட ஒருமுறை கேட்டு உறுதி செய்துக்கிட்டார். நடுவில் அந்த மனுஷன் எவ்வளவு மாறியிருக்கார் பாருங்க.

அப்பாவோட கால்

இதை நான் ஏன் இவ்வளவு விரிவா எழுதறேன்னா, எங்க வீட்டு விஷயம் ஒண்ணு இருக்கு.

எங்க அப்பா 19 வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனவர். மூணு வருஷம் முன்னாடி பைக் விபத்தில் கால் முறிஞ்சுது. ஆபரேஷன் செய்து பிளேட் வச்சாங்க. அந்த ராத்திரி எல்லாம் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து போனைப் பார்த்து சண்முக கவசம் படிச்சோம். கால் சேர்ந்துச்சு. ஆனா பழைய மாதிரி இல்லை, கொஞ்சம் சாய்ஞ்சுதான் நடப்பார். பாதயாத்திரை இனி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்.

20-ஆவது வருஷம் தடைபட்டதுதான் அவரை உலுக்கிடுச்சு. காவடி, துண்டு எல்லாத்தையும் எடுத்துப் பரண்ல வச்சுட்டார். பஸ்ஸில் போகலாம், ரோப் கார் இருக்கு, விஞ்ச் இருக்குன்னு சொன்னாலும் கேட்கலை. முருகனுக்கு நான் வேண்டாதவன் ஆயிட்டேன்னு ஒரே பேச்சு. பூஜை ரூம் பக்கம் வர்றதே குறைஞ்சு போச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கிட்ட பாம்பன் சுவாமிகளும் பழனியும் கதையைச் சொன்னேன். எதுவும் பேசலை. மறுநாள் காலையில் அந்த ஊர் எங்க இருக்குன்னு மட்டும் கேட்டார். அடுத்த மாசம் ராமநாதபுரம் போய், அங்கிருந்து பிரப்பன்வலசைக்குப் போனோம். சுவாமிகள் தவம் இருந்த இடத்தில் இப்ப கோவில் இருக்கு. கூட்டம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. அப்பா ஒரு ஓரமா காலை நீட்டி உட்கார்ந்து, ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கிட்டிருந்தார். என்ன வேண்டினார்னு நான் கேட்கலை, அவரும் சொல்லலை. திரும்பி வந்த பிறகு தினமும் காலையில் சண்முக கவசம் அவர் குரலில் கேட்குது. கால் அப்படியேதான் இருக்கு.

சென்னையும் அந்த விபத்தும்

சுவாமிகள் வாழ்க்கைக்குத் திரும்புவோம். தவத்துக்கு அடுத்த வருஷம் வீட்டையும் பாம்பனையும் விட்டுப் புறப்பட்டு சென்னைக்கு வந்தார். தெரிஞ்சவங்க யாரும் இல்லாத ஊர். வைத்தியநாத முதலி தெருவில் இருந்த பங்காரு அம்மாள் என்ற மூதாட்டியின் கனவில் முருகன் சொல்லிவைக்க, அந்த அம்மா இவரை எதிர்பார்த்துக் காத்திருந்து வரவேற்றாங்க. உப்பு, புளி, காரம் இல்லாத ஒருவேளை உணவுதான் எப்பவும்.

காஞ்சிபுரத்தில் நடந்ததும் அருமையான சம்பவம். அங்கே பல கோவில்களைத் தரிசித்துவிட்டு சுவாமிகள் கிளம்பும்போது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து குமரகோட்டம் பார்த்தீர்களா என்று விசாரித்து, கூடவே அழைத்துக்கொண்டுபோய் கோவில் வாசலில் விட்டுவிட்டு மறைந்துபோனார். பழனிக்கு வராதேன்னு சொன்ன அதே முருகன், குமரகோட்டத்தை விட்டுட்டுப் போகாதேன்னு ஆள் வேஷம் போட்டு வந்து கூட்டிட்டுப் போறார். நம்ம முருகன் கணக்கு நமக்கு எங்க புரியப் போகுது!

1923 டிசம்பர் 27. சென்னை தம்புச் செட்டித் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்த சுவாமிகள் மேல் ஒரு குதிரை வண்டி மோதி, சக்கரம் இடது காலில் ஏறி, கணுக்கால் எலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. வயசு 70-ஐத் தாண்டிடுச்சு, உப்பில்லாத உணவு வேற, இந்த எலும்பு கூடுவது கஷ்டம்னு மருத்துவர்கள் நினைச்சாங்க. காலை எடுக்கணும்னுகூடப் பேச்சு வந்தது. சீடர் சின்னசாமி ஜோதிடர் சண்முக கவசத்தை இடைவிடாமல் பாராயணம் செய்தார். முறிந்த காலை வேல்கள் தாங்கி நிற்பதாக அவருக்குக் காட்சி தெரிஞ்சுது.

பதினோராம் நாள், 1924 ஜனவரி 6 இரவு. படுக்கையில் இருந்த சுவாமிகள், வானத்தில் மயில்கள் தோகை விரித்து ஆடிவருவதைக் கண்டார். பிறகு முருகன் ஒரு சின்னக் குழந்தையாகத் தன் பக்கத்தில் படுத்திருப்பதையும் கண்டார். கால் கூடியது. காலை எடுக்காமலே குணமாகி வீட்டுக்குத் திரும்பினார். அந்த மார்கழி வளர்பிறைப் பிரதமையைத்தான் மயூர வாகன சேவன விழாவாக இன்றும் அடியார்கள் கொண்டாடுறாங்க.

இதைப் படிச்ச உடனே, அப்போ ஆஸ்பத்திரி வேண்டாம், கவசம் போதும்னு யாரும் கிளம்பிடாதீங்க. சுவாமிகளே ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் இருந்தார். முருகன் அங்கேதான் வந்தார். பழனிக்குப் போக முடியாதவரைத் தேடி, அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே மயிலோடு வந்து பக்கத்தில் படுத்துக்கிட்டார். எங்க அப்பாவுக்கு இந்த இடத்தைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறுச்சு. எலும்பு கூடினதை அவர் பெரிசா எடுத்துக்கலை. குழந்தை பக்கத்தில் படுத்துக்கிட்டதைத்தான் ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

திருவான்மியூர்

1929 மே 30 காலையில் சுவாமிகள் சமாதி அடைந்தார். சென்னை திருவான்மியூரில் அவருடைய சமாதிக் கோவில் இருக்கு. பௌர்ணமி நாள்ல போனீங்கன்னா, எத்தனை இளைஞர்கள் வந்து அமைதியா உட்கார்ந்திருக்காங்கன்னு பார்க்கலாம்.

பழனிக்குப் போறவங்க சந்தோஷமாப் போயிட்டு வாங்க, எங்களுக்கும் சேர்த்து ஒரு அரோகரா போடுங்க. லீவு கிடைக்காதவங்க, பரீட்சை இருக்கிறவங்க, வெளிநாட்டில் இருக்கிறவங்க, வீட்டில் நோயாளியை விட்டுட்டு வர முடியாதவங்க, உடம்பு ஒத்துழைக்காதவங்க, நீங்க யாரும் முருகனுக்குத் தூரம் இல்லை. பழனி மலை ஏறாத ஒருத்தர் எழுதின கவசத்தைத்தான் பழனி மலை ஏறுறவங்களும் படிச்சுக்கிட்டே ஏறுறாங்க.

ராமேஸ்வரம் போற பிளான் இருந்தா, வழியில் பிரப்பன்வலசைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. போன உடனே போனை எடுக்காம, முதல்ல ஒரு பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க. சண்முக கவசம் தெரிஞ்சா மெதுவாச் சொல்லுங்க. தெரியாதவங்க இன்னிக்கு ராத்திரியே அகரத்தில் தொடங்குற முதல் பாட்டை மட்டும் கத்துக்கத் தொடங்குங்க. நாளுக்கு ஒண்ணுன்னு வச்சா 30 நாள்ல முழுக் கவசமும் உங்க கூட இருக்கும்.

இந்த வருஷம் பழனிக்குப் போக முடியலையேன்னு வருத்தப்படற ஒருத்தர் உங்களுக்குத் தெரிஞ்சிருப்பாங்க. அவங்களுக்கு மட்டும் இதை அனுப்புங்க, போதும்.

ஓம் சரவணபவ.
குமரகுருதாச சுவாமிகள் திருவடி போற்றி.
வேலும் மயிலும் துணை.